38 கட்டங்கள், 60 விநாடிகள்: ஸ்டோரிபோர்டிலிருந்து அனிமேட்டிக் வரை

வடபழனியில் மூவர் சேர்ந்து நடத்தும் சிறிய விளம்பரப்பட நிறுவனத்திலிருந்து வந்த கேள்வி இது. தியாகராய நகரில் உள்ள ஒரு பட்டுப்புடவைக் கடைக்குத் தீபாவளியையொட்டி 60 விநாடிப் படம் எடுக்க வேண்டும். அதிலிருந்தே 30 விநாடி, 10 விநாடிப் பதிப்புகளும் வெட்டித் தர வேண்டும். ஓவியர் தந்த ஸ்டோரிபோர்டில், அதாவது படத்தை வரிசையாக வரைந்துகாட்டும் தாள்களில், 22 ஷாட்டுகள், அவற்றுக்கு 38 ஓவியக் கட்டங்கள். பின்னணிக் குரலான வாய்ஸ் ஓவரில் 128 சொற்கள். கடை உரிமையாளர் ஓவியங்களைப் பார்த்து ஒப்புதல் அளித்துவிட்டார். கையில் இருப்பதோ ஒரே ஒரு நாள் கால்ஷீட். இந்த நிலையில் அனிமேட்டிக், அதாவது அந்த ஓவியங்களைக் குரலோடும் இசையோடும் உரிய நேரத்துக்கு ஓடவிடும் முன்மாதிரிப் படம், செய்வது வீண் செலவா, செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யுங்கள். ஓவியங்களை அழகாக அசைத்துக் காட்டுவதற்காக அல்ல, உங்கள் படம் 60 விநாடிக்குள் அடங்குமா என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்யுங்கள். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே, இப்போதுள்ள நிலையில் அது அடங்காது என்று சொல்லிவிட முடியும். கடையின் பெயரும் கிளைகளும் வரும் கடைசி அட்டைக்குக் குறைந்தது 4 விநாடி வேண்டும். மீதமுள்ள 56 விநாடியை 22 ஷாட்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு இரண்டரை விநாடி கிடைக்கிறது. துள்ளலான படத்துக்கு அது போதும்; ஆனால் பாட்டி பெட்டியைத் திறந்து பழைய கூறைப்புடவையை எடுத்துப் பேத்தியின் தோளில் போடுவதுதான் உங்கள் கதையின் உயிர் என்றால், அந்த ஒரு செயலே நான்கைந்து ஷாட்டுகளின் நேரத்தை விழுங்கிவிடும்.

ஸ்டோரிபோர்டு இந்தச் சிக்கலை ஏன் காட்டிக்கொடுப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் அனிமேட்டிக்கின் பயன் தானாக விளங்கும். தாளில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவுடையவை. கதவு திறக்கும் கட்டமும், பாட்டி கண்கலங்கும் கட்டமும், தெருவில் ஆட்டோ வந்து நிற்கும் கட்டமும் அருகருகே சமமாக அமர்ந்திருப்பதால், மூன்றுக்கும் ஒரே நேரம்தான் ஆகும் என்று கண் நம்பிவிடுகிறது. ஒரு கட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு விநாடிகூட ஆகாது. அதில் வரைந்திருக்கும் செயலை ஒரு மனிதர் செய்து முடிக்க ஏழு விநாடி ஆகலாம். அனிமேட்டிக் செய்பவர் இந்த இரண்டாவது நேரத்தைத்தான் கண்டுபிடித்து, எடிட்டிங் மென்பொருளின் நேரக்கோடான டைம்லைனில் வைக்க வேண்டும். முதல் நேரத்தை வைத்துவிட்டால், எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டதாகக் காட்டி உங்களை ஏமாற்றும் ஒரு பொய்யான படம்தான் கிடைக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காபித்தூள் விளம்பரத்துக்கு 30 விநாடி அனிமேட்டிக் செய்தேன். கணவர் டவராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஆற்றுவது ஒரே கட்டம். ஓவியர் மிக நன்றாக வரைந்திருந்தார். நான் ஒன்றரை விநாடி கொடுத்தேன். படப்பிடிப்பில் நடிகர் கையை உயர்த்தி, நுரை எழும்படி ஒருமுறை முழுதாக ஆற்றுவதற்கே நான்கு விநாடி பிடித்தது. நுரைதான் சரக்கு என்பதால் அதைக் குறுக்க வாடிக்கையாளர் ஒப்பவில்லை. இப்படி ஒவ்வொரு ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, முதல் தொகுப்பான ரஃப் கட் 41 விநாடியில் வந்து நின்றது. பிறகு எதை வெட்டினாலும் கதை நொண்டியது. பாதி நாள் மறுபடப்பிடிப்புச் செலவு எங்கள் கையிலிருந்துதான் போனது.

ஆகவே வேலையை ஓவியத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒலியிலிருந்து தொடங்குங்கள். வாய்ஸ் ஓவர் உள்ள படத்துக்கு அதுதான் முதுகெலும்பு. உங்களில் ஒருவர், பின்னால் குரல் கொடுக்கப் போகிறவரின் நிதானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, செல்பேசியிலேயே முழு வாசகத்தையும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். அவசரமில்லாத, விளம்பரத்துக்கு ஏற்ற குரலில் தமிழ் வாசகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள்தான் ஓடும் என்பது என் அனுபவம். அந்தக் கணக்கில் உங்கள் 128 சொற்களுக்கு 77 விநாடி தேவைப்படும். ஆங்கில வாசகத்துக்கு நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று சொல்லப்படும் கணக்கைத் தமிழில் அப்படியே பின்பற்றுவதால் வரும் கோளாறு இது. ‘வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். வாய்க்கு அது ஒரு வாக்கியம். எண்கள் இன்னும் மோசம். தாளில் ‘ரூ. 4,999’ என்று சிறிய இடத்தில் அடங்கிக் கிடப்பது, வாயில் ‘நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்’ என்று நீண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும். விலையையும் தொலைபேசி எண்ணையும் திரையில் எழுத்தாகக் காட்டிவிட்டு, குரலிலிருந்து எடுத்துவிடுமாறு கடை உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். பதிவு செய்த குரலையும் அவர் கேட்கும்படி செய்தால் வாதம் பாதியாகக் குறையும். தம் வாசகம் கடையை மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருப்பதை அவரே உணர்ந்துவிடுவார்.

குரலில் இடைவெளிகளையும் பதிவு செய்ய வேண்டும். 60 விநாடி முழுவதும் பேச்சால் நிரம்பிய படத்தில் பாட்டியின் முகத்துக்கு இடமே இருக்காது. உங்கள் கதைக்கு 75 முதல் 80 சொற்கள் போதும் என்பது என் கணிப்பு.

இனி டைம்லைன். தொலைக்காட்சிக்கான படம் என்றால் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 நிலைப்படங்கள், என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள்; 60 விநாடி என்பது 1,500 ஃபிரேம், கடைசி அட்டை 100 ஃபிரேம். திரையரங்குக்கு மட்டுமானது என்றால் 24. படம் எடுக்கும் கேமராவும் அனிமேட்டிக்கும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாதியில் மாற்றினால் ஒவ்வொரு வெட்டும் ஓரிரு ஃபிரேம் நகர்ந்து, இசையோடு ஒட்டாமல் போகும். மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். பிரீமியர் பழகியவர் அதிலேயே செய்யலாம். பிளெண்டரில் வரைவதற்கும் கோப்பதற்கும் ஒரே இடத்தில் வசதி உண்டு. டூன் பூம் நிறுவனத்தின் ஸ்டோரிபோர்டு புரோ இந்த வேலைக்காகவே உருவானது, ஆனால் கார்ட்டூன் தொடர் எடுப்பவர்களுக்குத்தான் அதன் விலை கட்டுப்படியாகும்.

கட்டங்களை ஸ்கேன் செய்ய இயலாவிட்டால், தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து நேர்மேலிருந்து செல்பேசியில் படம் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில், அதாவது 16:9-இல், 1920 × 1080 அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். கேமரா நெருங்கிச் செல்லும் ஷாட்டுகளுக்குரிய ஓவியங்களை மட்டும் இருமடங்கு அளவில் வைத்துக்கொண்டால் உருப்பெருக்கும்போது கோடுகள் சிதையா. கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஷாட் எண்களைப் பத்துப் பத்தாக, 10, 20, 30 என்று கொடுங்கள். நாளைக்கு 20-க்கும் 30-க்கும் நடுவே ஒரு ஷாட் புகுந்தால் அது 25 ஆகிவிடும். மற்ற எண்கள் கலையா. கோடம்பாக்கத்தில் ஓவியக் கட்டத்தையும் ‘ஃபிரேம்’ என்கிறோம், விநாடிக்கு 25 என்ற கணக்கில் வருவதையும் ‘ஃபிரேம்’ என்கிறோம். உதவி இயக்குநரிடம் ‘மூன்று ஃபிரேம் எடுத்துவிடு’ என்று சொல்லி, அவர் மூன்று ஓவியங்களையே தூக்கிவிட்ட கதையும் நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் முழுவதும் ஓவியத்தைக் ‘கட்டம்’ என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஷாட்டின் நேரத்தையும் எப்படி முடிவு செய்வது என்பதுதான் இந்த வேலையின் மையம். செய்து பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. அலுவலக அறையில் ஒருவர் நடிக்க, இன்னொருவர் செல்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்கட்டும். வெறுங்கையால் பாவனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். கற்பனைப் புடவைக்கு எடையும் இல்லை, மடிப்பும் இல்லை. ஐந்தரை மீட்டர் பட்டு, பல ஆண்டுகள் பெட்டியில் மடிந்து கிடந்தது, ஓர் உதறலில் விரிந்துவிடாது. வீட்டிலிருந்து உண்மையான புடவையைக் கொண்டுவந்து மூன்று முறை செய்து பாருங்கள். முதல் முறை வேகமாகவே வரும், அதை விட்டுவிட்டு அடுத்த இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடிக்கப் போகிறவர் வயதானவர் என்பதால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

அப்படி அளந்தால் புடவை விரிப்பது மட்டுமே ஒன்பது, பத்து விநாடி என்று வரக்கூடும். பதற வேண்டாம். அனிமேட்டிக் உங்களுக்கு உண்மையாக உதவத் தொடங்கும் இடமே அதுதான். ஒரே செயலைத் தொடர்ச்சியாகக் காட்டாமல், பெட்டியின் தாழ் விலகுவது ஒரு விநாடி, சரிகை மீது விரல் ஊர்வது ஒன்றரை விநாடி, அதைப் பார்க்கும் பாட்டியின் முகம் மூன்று விநாடி, மறு வெட்டில் புடவை ஏற்கெனவே பேத்தியின் தோளில் என்று உடைத்தால், ஏழு விநாடிக்குள் செயலும் முடியும், உணர்ச்சியும் நிற்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புடவை விரிந்துவிட்டதாகப் பார்ப்பவரின் மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. இந்த மாற்றத்தை மேசையில் செய்தால் ஓவியர் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வரைய வேண்டும், அவ்வளவுதான். படப்பிடிப்பு நாளில் கண்டுபிடித்தால் விளக்குகளை மாற்றி அமைக்க ஒரு மணி நேரம் போகும்.

முகங்களின் விஷயத்தில் வேறொரு பிழை நேர்கிறது. வரைந்த முகம் இமைக்காது, மூச்சு விடாது. ஆகவே டைம்லைனில் இரண்டு விநாடிக்கு மேல் அது நின்றால் படம் உறைந்துவிட்டதுபோல் தோன்றி, கை தானாகவே அதை வெட்டிக் குறைக்கும். உயிருள்ள நடிகையின் முகமோ நான்கு விநாடிகூடச் சலிப்பில்லாமல் தாங்கும். செயல் ஷாட்டுகளுக்கும் குறைவாகக் கொடுக்கிறோம், முக ஷாட்டுகளுக்கும் குறைவாகக் கொடுக்கிறோம். இரண்டு பிழைகளும் ஒரே திசையில் இழுப்பதால்தான் பெரும்பாலான முதல் அனிமேட்டிக்குகள் விறுவிறுப்பாகவும், அவற்றைப் பின்பற்றி எடுத்த படங்கள் நேரம் போதாமலும் அமைகின்றன. ஓவியமாகப் பார்க்கும்போது சற்று மந்தமாகத் தெரியும் அனிமேட்டிக்கையே நான் நம்புவேன். விதிவிலக்கு, ஊரைக் காட்டும் முதல் ஷாட்: ஓவியர் கோபுரத்தையும் குளத்தையும் மனமொன்றி வரைந்திருப்பார், அந்த உழைப்பை மதித்து நான்கு விநாடி விட்டுவைப்போம். மயிலாப்பூரை அடையாளம் கண்டுகொள்ள யாருக்கும் இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஓவியத்தின் தரம் இங்கே ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1977-இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்வெளிப் போர்க் காட்சிகளைத் திட்டமிடும்போது, இரண்டாம் உலகப்போர்க் கால விமானச் சண்டைக் காட்சிகளின் துண்டுகளைக் கோத்து, அவற்றின் வேகத்தையும் நீளத்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டார் ஜார்ஜ் லூகாஸ். விண்கலமே இல்லாத அந்தத் தொகுப்பு, எந்த ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டது. உங்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது: ஓவியம் போதாத இடத்தில், அலுவலகத்தில் நடித்துப் பார்த்ததையே செல்பேசியில் எடுத்து அந்தக் கட்டத்துக்குப் பதிலாக வைத்துவிடுங்கள். கோடு ஓவியமும் செல்பேசிக் காட்சியும் மாறி மாறி வருவது பார்வைக்கு ஒட்டுப்போட்ட துணிபோல் இருக்கும். கணக்கு சரியாக இருக்கும்.

இதற்கு நேர்மாறானது, செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய, புகைப்படம் போன்ற பளபளப்பான படங்களை வைப்பது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் படத்தில் வந்த அரக்குப் புடவையும் அந்த இளம்பெண்ணின் முகமும் வாடிக்கையாளரின் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு உண்மையான நடிகையைப் பார்த்ததும் ‘அந்தப் பெண் எங்கே?’ என்பார். பென்சில் கோட்டிடம் யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை.

அசைவுகளில் கடுமையான சிக்கனம் வேண்டும். மென்பொருள் எளிதாகத் தருகிறது என்பதற்காக எல்லா ஓவியங்களையும் மெல்ல உருப்பெருக்கி ஓடவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம் என்பதை மறைக்கவில்லை. கேமரா உண்மையில் நகரும் ஷாட்டில் மட்டுமே ஓவியம் நகர வேண்டும். நகரும் ஒவ்வோர் ஓவியமும் ஒளிப்பதிவாளருக்கு ‘இங்கே ட்ராலி போட வேண்டும்’ என்று சொல்கிறது. தண்டவாளம் போட, தள்ளிப் பார்க்க, ஃபோகஸ் ஒத்திகை பார்க்க என்று ஒரு ட்ராலி ஷாட் சாதாரண ஷாட்டைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் கேட்கும். உங்கள் 22 ஷாட்டுகளில் மூன்றில் கேமரா நகர்ந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். பத்தில் நகர்ந்தால் முடியாது. பாத்திரம் சட்டகத்துக்குள் நுழையும் ஷாட்டில் மட்டும், பின்னணியையும் ஆளையும் தனித்தனியாக வெட்டி ஆளை நகர்த்திக் காட்டலாம். உதட்டசைவெல்லாம் தேவையே இல்லை.

தற்காலிக இசையைப் பொறுத்தவரை, திரைப்பாடல் எதையும் வைக்காதீர்கள். பத்து முறை அதோடு சேர்த்துப் பார்த்தபின் கடை உரிமையாளருக்கு வேறு இசை பிடிக்காமல் போகும். அந்தப் பாடலின் உரிமையை இசை நிறுவனத்திடம் வாங்கும் அளவுக்கு உங்கள் பட்ஜெட் இருக்காது. இசையமைப்பாளரிடம் கேட்டு வெறும் தாளத்தை மட்டும் வாங்கி வையுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால், 25 ஃபிரேம் கணக்கில் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். 125 தட்டு என்றால் 12 ஃபிரேம். 75 என்றால் 20. பின்னம் இல்லாமல் விழும் இந்த வேகங்களில் ஒன்றை அவர் தேர்ந்துகொண்டால், வெட்டுகள் தட்டின் மீது துல்லியமாக அமரும். எல்லா வெட்டையும் தட்டில் வைத்தால் இயந்திரத்தனமாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். இசை தவிர, தாழ்ப்பாள் ஓசை, வாசலில் ஆட்டோ நிற்கும் ஓசை, தொலைவில் வெடிச்சத்தம் போன்ற நான்கைந்து ஒலிகளைச் சேர்த்துவிடுங்கள். ஆட்டோவின் ஓசை முந்தைய ஷாட்டின் மீதே தொடங்கினால், ஆட்டோ வருவதைக் காட்டும் ஷாட்டே தேவையில்லை என்று தெரியவரலாம். இப்படி ஓர் ஒலியால் ஒரு லொகேஷனையே மிச்சப்படுத்தியிருக்கிறேன்.

திரையில் எழுத்து வரும் இடங்களுக்கு ஒரே சோதனைதான்: அதை நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படித்து, அந்த நேரத்தில் பாதியை மேலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி அட்டையில் ஐந்து கிளைகளின் முகவரிகளையும் போட வேண்டும் என்று உரிமையாளர் சொன்னால், நான்கு விநாடியில் அவற்றை அவராலேயே படிக்க முடியாது என்பதை அனிமேட்டிக் காட்டிக்கொடுக்கும்.

முதல் பதிப்பு முடிந்ததும், திரையின் மூலையில் ஷாட் எண்ணும், ஓடும் நேரத்தைக் காட்டும் டைம்கோடும் ஓடும்படி பதித்து ஏற்றுமதி செய்யுங்கள். ‘அந்தப் பாட்டி வருகிற இடம்’ என்று ஆளுக்கோர் இடத்தைச் சுட்டுவதற்குப் பதிலாக ‘130-ஆம் ஷாட், 34-ஆவது விநாடி’ என்று பேச இது உதவும். பின்னர் கதையே தெரியாத ஒருவருக்கு, நடுவில் நிறுத்தாமல், ஒரு விளக்கமும் சொல்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு, என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அடுத்து ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை. செல்பேசியில் பலர் விளம்பரத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள். யூடியூபிலும் போடப்போகிறீர்கள் என்றால், ஐந்தாவது விநாடியில் தாண்டிச் செல்லும் பொத்தான் தோன்றும்போது திரையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த இடத்தில் இன்னும் கோபுரம்தான் நின்றுகொண்டிருக்கிறது என்றால் ஷாட் வரிசையை மாற்ற வேண்டும்.

30 விநாடி, 10 விநாடிப் பதிப்புகளையும் இப்போதே அனிமேட்டிக்காக வெட்டிவிடுங்கள். தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தின் விலை பத்து விநாடிக் கணக்கில் பேசப்படுவதால், கடைக்காரர் அதிகமாக ஒளிபரப்பப்போவது குறும்பதிப்புகளைத்தான். 60 விநாடியில் அழகாக நான்கு ஷாட்டுகளில் உடைத்த செயல், 10 விநாடிப் பதிப்பில் ஒரே ஷாட்டில் முடிய வேண்டியிருக்கும். அந்த ஒற்றை ஷாட் உங்கள் 22-இல் இல்லை. அதைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது படப்பிடிப்புக்கு முன் தெரிந்தாக வேண்டும்.

கடை உரிமையாளரிடம் காட்டும்போது ஒரே ஒரு முன்னுரை போதும்: நேரத்தையும் வரிசையையும் மட்டும் பாருங்கள், முகத்தையும் நிறத்தையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்பதும் அதில் இருக்கட்டும்.

அனிமேட்டிக்கால் சொல்ல முடியாதவையும் உண்டு. வெளிச்சம் அதில் இல்லை. உங்கள் கால்ஷீட் திட்டத்தில் மயிலாப்பூர்க் குளக்கரை ஷாட்டைக் காலை ஆறரைக்குப் போட்டிருக்கிறீர்கள். தெப்பக்குளம் கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. குளத்தின் மேற்குக் கரையிலிருந்து கோபுரத்தைப் பார்த்துக் கேமராவை வைத்தால் காலைச் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், கோபுரம் கறுப்பு நிழலுருவமாகத்தான் விழும். ஓவியத்தில் கோபுரம் பொன்னிறமாக ஒளிர்வதால் அது மாலை ஷாட். அதற்கேற்ப வீட்டின் உட்காட்சிகளைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு என்றால் வடகிழக்குப் பருவமழை எட்டிப்பார்க்கும் காலம் என்பதால், மாலையில் மழை வந்தால் கோபுர ஷாட் இல்லாமலே படம் நிற்குமா என்று அந்த இரண்டு விநாடியை எடுத்துவிட்டும் ஒருமுறை அனிமேட்டிக்கை ஓட்டிப் பாருங்கள்.

படப்பிடிப்பு நாளில் உங்கள் எடிட்டரை மடிக்கணினியுடன் லொகேஷனிலேயே உட்கார வையுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அதை இறக்கி, டைம்லைனில் உரிய கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே வரட்டும். ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் வாலிலும் ஒரு விநாடியாவது கூடுதலாக ஓடவிடும்படி ஒளிப்பதிவாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மதிய உணவு இடைவேளையில் அந்தத் தொகுப்பை ஒருமுறை ஓட்டினால், எங்கெல்லாம் இன்னும் பென்சில் ஓவியம் எட்டிப்பார்க்கிறதோ அவையே பிற்பகலில் எடுக்க வேண்டியவை.